எதிரித் தளபதியின் தாய்மொழி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஜப்பானில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் முற்றத்தில் ஒரு குழந்தையைக்கூடப் பார்க்க முடியாது. எல்லாரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். படம் வரைந்து அசைய விட்ட ஒரு தொடர் அது. ஒரு விண்கப்பல், அதில் கேப்டன், டாக்டர், ரேடியோக்காரி, இன்ஜினைப் பார்த்துக்கொள்ள ஒரு ரோபோ, இவர்களைத் துரத்திவரும் மூன்று கண் எதிரித் தளபதி. திங்கட்கிழமை அதே யுத்தம் முற்றத்தில் மறுபடி நடக்கும். காஞ்சிபுரத்தில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, என் மகள் செல்வி அழுதுகொண்டே மாடியேறி வரும்வரை.

ஏழு வயது. ஊரில், பிள்ளையார்பாளையத்தில் வாயாலேயே தெருவை விலை பேசியவள், இங்கே வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். ஊருக்குப் போய்விடலாம் என்று தினமும் நச்சரிப்பு. அன்றுதான் முதல்முறையாக விளையாட இறங்கினாள். "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள். பதில் தெரியாமல் நின்றவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? பிடித்த ஆளை நான் எந்தக் காலத்தில் தேர்ந்தெடுத்தேன்? எங்கள் தெருவுக்கு ஒரு நடிகர், பின்தெருவுக்கு இன்னொரு நடிகர். குலசாமி மாதிரி, பிறக்கும்போதே முடிவாகிவிடும். அவர் படம் வந்தால் தறியை நிறுத்திவிட்டுத் தெருவே திரண்டு தோரணம் கட்டும். கூட்டம் சேரச் சேரத்தான் பெருமை. அந்த அனுபவத்தில், பெரிய இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"கேப்டன்தான் புடிக்கும்னு சொல்லும்மா."

மறுநாள் அழுகை இன்னும் பெரிதாக வந்தது. கேப்டன் எதிர்வீட்டு கென்ஜிக்குச் சொந்தமாம். இங்கே ஆளுக்கு ஒருவர்தான். ஒருவருக்குப் பிடித்தவரை இன்னொருவருக்குப் பிடிக்கக் கூடாது. கென்ஜியின் அம்மாவிடம் நியாயம் கேட்கப் போனேன். கேப்டனை எல்லாருமே வைத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். அந்த அம்மாள் பதறிப்போய்க் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டு, சாயங்காலமே ஒரு கேப்டன் பொம்மையை வாங்கி வந்து கொடுத்துவிட்டார். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

என் மனைவி கமலா பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மீதி யாருடி இருக்குறாங்க?" என்றாள் மகளிடம்.

"வில்லன்தாம்மா. அவன யாருமே எடுத்துக்கல. மூணு கண்ணு அவனுக்கு."

"ஏகாம்பரநாதர் ஊர்ல பொறந்துட்டு மூணு கண்ண வேணான்னுவியா? அவனையே எடுத்துக்கோ."

"கொழந்தைய போய் அசுரனாக்குறியே!" என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்க. எங்கப்பா வருசா வருசம் துரியோதனன் வேசம் கட்டிக்கினு இருக்குறாரு. துரியோதனன் வரலன்னா தருமரு யாராண்ட சண்ட போடுவாரு? வேசத்த கலைச்சுட்டு ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

என் மாமனார் திருமுக்கூடல் பக்கத்துக்காரர். பாரதக் கூத்தில் அவர் கிரீடம் கட்டி வந்தால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். விடிந்ததும் அதே பெண்கள் அவருக்குக் கூழ் ஊற்றுவார்கள். கமலாவின் கணக்கு தப்பவில்லை. வில்லன் இல்லாமல் இத்தனை நாள் வெறுங்காற்றைச் சுட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் செல்வியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

தொடரில் அந்தத் தளபதி ஏதோ வேற்றுக்கிரக பாஷையில் கத்துவான். செல்வியிடம் அதற்கும் சரக்கு இருந்தது. "டேய், எங்கடா ஓடுற? இன்னாடா மொறைக்கிற?" என்று அவள் போட்ட கூச்சலில் முற்றம் அதிர்ந்தது. கேப்டனின் கையால் சாகும்போது மட்டும், "போய்ட்டு வரேன்பா!" என்று சொல்லிவிட்டுச் சாய்வாள். போகிறேன் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சாகிற அசுரனுக்கும் அதே சட்டம். கொஞ்ச நாளில் எல்லாப் பிள்ளைகளும் அந்த வசனங்களை மனப்பாடம் செய்துவிட்டார்கள். பதிலுக்கு அவளுக்கு ஜப்பானிய மொழி தானாக வாயில் வந்தது. ஊருக்குப் போகும் பேச்சை அவள் எடுப்பதே இல்லை.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளே சுருக்கென்றது. தமிழுக்காகப் பள்ளிக்கூடத்தைப் புறக்கணித்து ராஜவீதிகளில் ஊர்வலம் போனவன் நான். மேடைக்கு மேடை தாய் என்றோம், தெய்வம் என்றோம். இங்கே அது பூமியை அழிக்க வந்தவனின் பாஷை.

நேற்றுக் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கமலாவிடம் வழக்கம்போல், "போய்ட்டு வரேன்" என்றேன். படியில் புத்தகப்பையோடு நின்ற கென்ஜி சட்டென்று திரும்பினான். அந்த வார்த்தையைச் சொன்னவர் விழ வேண்டும் என்பது அவர்களுடைய விதி. நான் விழுவதற்காக மரியாதையோடு காத்திருந்தான்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்ற என் அம்மாவிடமும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தேன். சீக்கிரம் வந்துவிடுவேன் என்றுதான் அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு படியில் சாய்ந்தேன். கென்ஜி திருப்தியாக ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். எனக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.