குறுக்கே வைத்த கால்

என் தம்பி இன்பராஜ் சென்னையில் பதினொரு வருஷம் நடனம் ஆடினான். ஒரு தடவைகூட நான் போய்ப் பார்த்ததில்லை. காட்பாடியில் ரயிலேறினால் இரண்டு மணி நேரம்தான். இதை யாரும் என்னிடம் சொல்லிக்காட்ட வேண்டாம், நானே தினமும் சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவன் ஆடியது பரதநாட்டியமும் இல்லை, சினிமா டான்ஸும் இல்லை. மாடர்ன் டான்ஸ் என்பான். சலங்கை கிடையாது, ஒப்பனை கிடையாது, பல நேரம் பாட்டே கிடையாது. விழுவது, எழுவது, ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்வது. இதற்காக ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு இருபத்திமூன்று வயதில் கிளம்பிப் போனான். வேலூரில் என் புகுந்த வீட்டில் யாராவது கேட்டால் மெட்ராஸில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லி வைத்தேன். நான் கணக்கு டீச்சர். எதற்கும் ஒரு விடை வந்தாக வேண்டும் எனக்கு. தரையில் உருண்டு கடைசியில் என்னதான் கண்டாய் என்று போனிலேயே கேட்டிருக்கிறேன். சிரித்தான். அவனுக்குக் கோபமே வராது. வீட்டுக்கு வர வேண்டிய கோபத்தை எல்லாம் மூத்தவள் நானே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரத்தினசாமி என்றால் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகளில் பழைய ஆட்களுக்குத் தெரியும். முப்பத்திநாலு வருஷம் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போட்ட உடம்பு. அம்மா போன அடுத்த வருஷம் கை நடுங்க ஆரம்பித்தது, பிறகு நடை குறைந்தது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். நன்றாக நடந்து வருகிறவர் கதவுநிலைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடுவார். போக வேண்டும் என்று அவருக்கு இருக்கும், கால்தான் வராது. பின்னாலிருந்து தள்ளினால் முகம் குப்புற விழுவார்.

யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. ஸ்கூல், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று நான் என் கஷ்டங்களை அடுக்கி முடிப்பதற்குள் இன்பராஜ் பெட்டியோடு ஆம்பூரில் வந்து இறங்கிவிட்டான். கல்யாணம் ஆகாதவன், அவனுக்கென்ன என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஆறு வருஷம் பார்த்தான். குளிப்பாட்டினான், சவரம் செய்துவிட்டான், கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினான். பக்கத்து வீட்டு வஜீதா அக்கா ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் கடைக்கு ஓடிப்போய் வருவான். நான் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து பழம் வாங்கிக்கொண்டு போவேன், விருந்தாளி மாதிரி.

அப்படிப் போன ஒரு நாள்தான் அதைப் பார்த்தேன். நைனா அறை வாசலில் நின்றுவிட்டார். இன்பராஜ் அவரை இழுக்கவில்லை, அதட்டவில்லை. எதிரே நின்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தன் வலது காலை அவர் காலுக்குக் குறுக்கே நீட்டி வைத்தான். நைனா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ஓடையைத் தாண்டுகிறவர் போல அழகாகக் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

"இன்னாடா, நைனாவுக்கும் டான்ஸ் கத்துக்குடுக்கறியா?" என்றேன்.

"நான் எங்கக்கா கத்துக்குடுத்தேன்? ஷாப்ல தோல் குவியலத் தாண்டித் தாண்டி நடந்த காலு. குறுக்க ஒன்னு இருந்தா தானா தூக்கிக்கும்."

சிரித்துவிட்டு நான் பழம் நறுக்கப் போய்விட்டேன். அவன் அதையே ஒரு நடனமாக அமைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. போன வருஷம் போனில் சொன்னான். பன்னிரண்டு நிமிஷம், அவன் ஒருவனே ஆடுவது. அவன் முன்பு ஆடிய சென்னைக் குழு மேடை தருகிறதாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் நைனாவோடு இருக்க முடியுமா என்று கேட்டான். ஆறு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சரி என்றேன். வெள்ளிக்கிழமை கூப்பிட்டு முடியாது என்றேன். ஆற்காட்டில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். போகாவிட்டால் பேச்சு வரும் என்று பயம்.

"பரவால்லக்கா, அடுத்த வருஷம் ஆடிக்கிறேன்" என்றான். வருத்தமாகச் சொல்லியிருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னான், அதுதான் இன்னும் தைக்கிறது.

அடுத்த வாரம் வீட்டு ஹாலிலேயே ஆடி, ஜன்னலில் போனைச் சாய்த்து வீடியோ எடுத்து அனுப்பினான். நேரம் இருக்கும்போது பார் என்று எழுதியிருந்தான். நான் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திறக்காமலேயே ஒரு கட்டைவிரல் பொம்மையைப் போட்டுவிட்டேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு டெங்கு வந்தது. காய்ச்சலோடு ஐந்து நாள் நைனாவுக்குச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை. வஜீதா அக்காதான் பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தான். நாற்பது வயதுகூட முடியவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்த வீடியோவைத் தேடி எடுத்து அழுத்தினேன். மங்கலாக ஒரு சதுரம் தெரிந்தது, நடுவில் வட்டம் சுற்றியது, நின்றது. வீடியோ இப்போது இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்தது. அவனுடைய போனைத் திறக்க எண் தெரியாது. நைனா பிறந்த நாள், அம்மா இறந்த நாள், என் கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். போன் பூட்டிக்கொண்டது. சென்னைத் தோழர்கள் பழைய நடனங்களை அனுப்பினார்கள். அரை இருட்டில் பத்துப் பேர் ஆடுகிறார்கள், அதில் எவன் என் தம்பி என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அந்தப் பன்னிரண்டு நிமிஷம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இப்போது லீவு போட்டு ஆம்பூரில் நைனாவோடு இருக்கிறேன். அடக்கத்தன்று அவரை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அதன் பிறகு அவர் அறை வாசலைத் தாண்டவே இல்லை. கூப்பிட்டேன், கெஞ்சினேன், பள்ளிக்கூடத்துக் குரலில் ஒன்று இரண்டு என்று எண்ணினேன். கடைசியில் கத்தியும் பார்த்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எதைத் தேடுகிறார் என்று இன்று காலையில்தான் எனக்கு உறைத்தது.

அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என் காலைக் குறுக்கே வைத்தேன். நைனா பார்த்தார். மெல்லக் காலைத் தூக்கினார். அவர் தடுக்கிவிடுவாரோ என்று நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தூக்கிய கால் இருந்த இடத்திலேயே இறங்கியது. அவர் தடுமாறி என் தோளைப் பிடித்தார்.

"சீக்கிரம் எடுத்துடற மேகலா. நான் தாண்டற வரைக்கும் வெச்சிரு. அவன் எடுக்க மாட்டான்."

மறுபடி வைத்தேன். தாண்டினார். என்னைப் பாத்துக்கினே பின்னால நட என்றார். நான் பின்னால் நடந்தபடி ஒவ்வொரு அடிக்கும் கால் வைத்தேன், அவர் தாண்டித் தாண்டி வந்தார். ஹாலின் நடுவில், ஜன்னலுக்கு நேராக, மூச்சு வாங்க நின்று சொன்னார்.

"இதத்தான் மெட்ராஸ்ல ஆடறேன்னான். அங்க என் எடத்துல யாரும் இருக்க மாட்டாங்களாம். இவன் மட்டும் காலை வெச்சிட்டு, வராத ஆளுக்குக் காத்துக்கினு நிப்பானாம்."

எனக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் அவரிடம் இருந்தது. அவன் ஆடிய தரையில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். டேய், இப்போது பார்க்கிறேன்டா, ஒரு தடவை ஆடேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தெருவாசலுக்கு வந்தோம். அந்த நிலைப்படி கொஞ்சம் உயரம். நைனா நின்றுவிட்டார். வெளியே வெயில் ஏறியிருந்தது, வஜீதா அக்கா தன் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி எங்களைப் பார்த்தாள். நான் காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றேன். நைனா கீழே பார்த்தபடியே இருந்தார். வெகுநேரம் ஆயிற்று. கால் மரத்துப்போனது. நான் எடுக்கவில்லை.