மேடம் வீட்டு வண்டி

கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லோரும் சாப்பாடு எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். என் மனைவி வாசலில் நிற்கும் வண்டிகளின் டயரைப் பார்ப்பாள். ஒருமுறை பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்த கையோடு, "உங்க கார்ல முன்டயர் ரெண்டும் வழுக்கையாயிடுச்சு, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மாத்திடுங்க" என்று மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை சிரித்தபடி தலையாட்டினார். எனக்குத்தான் மானம் போனது.

அவள் வாகன ஆய்வாளர். ஒரு வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற உத்தியோகம். சோதனை மைதானத்தில் அவளுக்குக் 'கறார் மேடம்' என்று பெயர். மற்ற ஆய்வாளர்கள் விளக்கைப் போடச் சொல்லி, பிரேக்கை மிதிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவள் பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சின்ன சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டுவாள். நல்ல இரும்பு கணீரென்று பேசுமாம், உளுத்த இரும்பு முனகுமாம். கெஞ்சினாலும் சரி, மிஞ்சினாலும் சரி, முனகின வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான். வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள் தங்கள் முறை இவளிடம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் நான். எனக்கு வாய்த்தது ஒரு ஜீப். கல்யாணத்துக்கு முன்பே ஏலத்தில் எடுத்தது. கல்லோ சேறோ, நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்துக்கொண்டு ஏறிவிடும். கிலோமீட்டர் காட்டும் மீட்டர் ஒரு சுற்று முடிந்து பூஜ்ஜியத்துக்கு வந்து, மறுபடியும் பாதி தூரம் ஓடிவிட்டது. வீட்டில் அதற்கு 'மூத்தாள்' என்று பெயர். வைத்தவள் என் மனைவிதான். "என்னங்க, மூத்தாளைக் குளிப்பாட்டியாச்சா? இனி இளையாளுக்குக் கொஞ்சம் காய் நறுக்கித் தர்றீங்களா?" என்பாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை எந்த மகராசன் மலை உச்சியில் கட்டினானோ தெரியாது. பஸ் ஏறாது, வேன் பாதியில் மூச்சு வாங்கும். அதனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது மூத்தாள்தான். எங்கள் மகளுக்கு முன்சீட்டு. காலையில் என் மனைவியே அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, தன் ஸ்கூட்டரில் ஆபீசுக்குக் கீழே இறங்குவாள்.

ஜீப்புக்கும் வருஷாவருஷம் சோதனை உண்டு. சொந்த வீட்டு வண்டியைத் தானே சோதிக்க மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அது நியாயம். ஆனால் இவள் நியாயத்தையும் தாண்டிப் போவாள். வீட்டில் நிற்கும்போதுகூட ஜீப்பைத் தொட மாட்டாள். "நான் கை வெச்சேன்னா, புருஷன் வண்டியை இவளே சரிக்கட்டி அனுப்பிட்டாள்னு பேசுவாங்க. எனக்கு அந்தப் பேரு வேண்டாம்" என்பாள். ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் அடியில் படுக்கிறவள், சொந்த வீட்டு வண்டியிடம் மட்டும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி மாதிரி ஒதுங்கிப் போவாள்.

எனவே மூத்தாளைப் பார்க்கும் பொறுப்பு அவளுக்குக் கீழே வேலை பார்த்த இன்னொரு ஆய்வாளருக்கு. கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். சோதனை நாள் வருவதற்கு முன்பே நான் ஜீப்பின் அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிடுவேன். எதையும் மறைக்க அல்ல. ஆசைதான். ஒருமுறைகூட மூத்தாள் திரும்பி வந்ததில்லை. "கறார் மேடம் ஆபீஸ்லயே என் வண்டியில ஒரு குறை கண்டுபிடிக்க முடியல" என்று டீக்கடையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். கேட்கிறவர்கள் காது புளித்துப் போயிருக்கும்.

கண்ணாடிக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. மனிதர் நன்றாகச் சாப்பிட்டார், மனம் நெகிழ்ந்து போனார், மேடத்தைப் புகழ ஆரம்பித்தார்.

"உங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை மேடம். சார் ஜீப் வந்தா நான் குனிஞ்சுகூடப் பாத்ததில்ல. மேடம் வீட்டு வண்டி, அவங்க பாக்காமலா அனுப்பியிருப்பாங்கன்னு நேரா கையெழுத்துதான்."

நான் சிரித்தேன். என் மனைவியின் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"நான் பாத்ததில்லையே," என்றாள். "நீங்க பாக்கிறீங்கன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பார்க்கிறார் என்று இவள் இருந்துவிட்டாள், இவள் பார்த்திருப்பாள் என்று அவர் இருந்துவிட்டார், இரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்று நான் டீக்கடையில் காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த மைதானத்தில் யாருமே பார்க்காத ஒரே வண்டி எங்களுடையது. அதில்தான் ஊர்ப் பிள்ளைகள் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கை கழுவினாள். டார்ச்சையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, விருந்துக்கு உடுத்திய நல்ல துணியோடு ஜீப்புக்கு அடியில் போனாள். பாய்கூட விரிக்கவில்லை. நாங்கள் வெளியே நின்று கேட்டோம். கணீர், கணீர், கணீர் என்று வந்தது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு 'பொத்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானும் தவழ்ந்து உள்ளே போனேன். பின்சக்கரங்களைத் தாங்கும் வில்பட்டைகள் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வந்து சேரும் இடத்தில் சுத்தியலின் முனை உள்ளே போய்ச் சிக்கியிருந்தது. சுற்றிலும் துரு செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது. இரும்பு எப்போதோ போய்விட்டது. வருஷாவருஷம் நான் பூசின பெயிண்ட்தான் அந்த இடத்தை இரும்பு மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் ஒரு நல்ல குழியில் விழுந்திருந்தால் பின்சக்கரம் தனியாகக் கழன்று போயிருக்கும்.

அவள் மல்லாந்து படுத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"தினமும் நானே அவ கையைப் பிடிச்சு ஏத்தி விட்டேங்க," என்றாள்.

 நான் அவள் பக்கத்தில் அப்படியே படுத்துக்கிடந்தேன். வெளியே கண்ணாடிக்காரர் எச்சில் கை காய நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீசில் கறார் மேடம் இன்னும் கறாராகிவிட்டாள். ஆபீசில் இருக்கிறவர்களின் சொந்த வண்டிகள்தான் முதலில் சோதனைக்கு வர வேண்டும், எல்லோரும் பார்க்க, அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் போய் நின்றாள். அவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். முதல் வண்டி அவருடையது. கைப்பிரேக் போட்டும் கார் பாட்டுக்கு உருண்டு போனது. லாரிக்காரர்கள் அன்று காசில்லாமல் வேடிக்கை பார்த்தார்கள். கண்ணாடிக்காரரின் ஸ்கூட்டர் பின்பிரேக்கில் மாட்டிக்கொண்டது. மனிதர் புது ஊருக்குப் பஸ்ஸில்தான் போனார்.

மூத்தாள் சரியாகிற வரை பிள்ளைகள் பாதி மலை வேனிலும் மீதி மலை நடந்தும் போனார்கள்.  வெல்டர் உளுத்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைத்து இணைத்தார். நான் பெயிண்ட் டப்பாவைத் தேடினேன், அதை அவள் ஏற்கெனவே தூக்கிப் போட்டிருந்தாள்.

"சரி, எப்ப உங்க ஆபீசுக்குக் கொண்டுவரட்டும்?" என்று கேட்டேன்.

"எங்க ஆபீசுக்கு வேண்டாம். நம்மள யாருன்னே தெரியாத ஊர்ல காட்டுங்க. என் பேரைச் சொல்லாதீங்க."

ஓட்டிக்கொண்டு போகவும் விடவில்லை. ஒரு லாரியின் முதுகில் ஏற்றி அனுப்பினாள். மூத்தாள் ஜம்மென்று மேலே உட்கார்ந்து வர, நான் லாரி டிரைவர் பக்கத்தில் பெண்ணைப் புகுந்த வீட்டுக்குக் கூட்டிப்போகும் தகப்பன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஊர் ஆய்வாளர் தொப்பையும் தொப்பியுமாக, யார் முகத்தையும் பார்க்காத மனிதர். அந்தத் தொப்பையோடு அவர் வண்டிக்கு அடியில் நுழைந்ததே பெரிய விஷயம். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"அடியில பெயிண்டே அடிக்கலையே?" என்று உள்ளிருந்தே கேட்டார்.

"வீட்டுல கூடாதுன்னுட்டாங்க."

"வெவரமானவங்க," என்றார். பிறகு வெளியே வந்து, வண்டி தேறவில்லை என்று சொல்லிவிட்டார்.

வெல்டிங்கில் குறை இல்லையாம். பிரேக் குழாய் ஒன்று கசிகிறதாம். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்துப் பட்டறையில் குழாயை மாற்றி, மறுபடி வரிசையில் நின்றேன். அவர் மறுபடியும் அடியில் போனார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"தேறிடுச்சு."

"அடியில படுத்துப் பாத்தாரா?"

"ரெண்டு தடவை. மொதல்ல பிரேக் குழாய் கசியுதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. சட்டையெல்லாம் கிரீஸ் அவருக்கு."

 தேறிவிட்டது என்றதைவிடத் திருப்பி அனுப்பினார் என்றதுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"லாரியை அனுப்பிட்டு மூத்தாளை ஓட்டிட்டே வாங்க," என்றாள். "பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள வந்துட்டீங்கன்னா, பொண்ணை நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க."

 பதிலுக்கு மூத்தாளின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஹாரனை ஒருமுறை அழுத்திக் காட்டினேன்.