முள்ளுக்காட்டில் ஒரு விழா நாள்

காலை ஆறரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். ஜன்னல் சீட் கிடைத்தது, ஆனால் கண்ணாடி நகர மாட்டேன் என்றது. செஞ்சிக்கு நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல். திண்டிவனம் வரை பறந்த வண்டி, அதற்கப்புறம் கை காட்டியவர்களுக்கெல்லாம் நின்றது. இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று முட்டி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தது. என்ன செய்வது, ஜெயராமனுக்கு விழா எடுக்கிறார்கள். போகாமல் இருக்க முடியாது.

நானும் ஜெயராமனும் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தோம். ஊர்களுக்கு நிலப்பயன்பாட்டு வரைபடம் போடுவது எங்கள் வேலை. வீடு எங்கே, கடை எங்கே, வயல் எங்கே என்று வண்ணம் பிரித்துத் தருவோம். பாறையும் புதருமாகக் கிடக்கிற இடத்தைத் தரிசு என்று எழுதிவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவோம். முள்ளுக்காடும் காடுதான் என்று அங்கே முதலில் சண்டை போட்டவன் அவன்தான். அவலூர்பேட்டை சாலையில் ஒரு சின்னக் குன்று. அதன் அடிவாரத்தைக் கல்குவாரிக்கும் வீட்டு மனைக்கும் விடாமல், வரைபடத்தில் பச்சையாகவே நிறுத்திவைக்கப் பல வருஷம் அலைந்தான். ஓய்வு பெற்ற பிறகு அதற்கு எதிரிலேயே வீடு கட்டிக்கொண்டான். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஒன்பதரைக்குச் செஞ்சி. அதற்குள் ராஜகிரிக் கோட்டைப் பாறையெல்லாம் கொதிக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு ஆட்டோ பிடித்தேன். முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார். இடத்தைச் சொன்னதும், "முள்ளுப் பைத்தியம் ஊட்டுக்கா சார்?" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, "ஊர்ல அப்டிதான் சார் சொல்வாங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சமாதானமும் சொன்னார். ஏழாவது கிலோமீட்டரில் ஜெயராமன் ஒரு பெரிய ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தான். விழாச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு டிரைவரும் அங்கேயே தங்கிவிட்டார்.

அவன் மனைவி சகுந்தலா பட்டுப்புடவையில் வாசலில் நின்றார். ராத்திரி தூங்கவே இல்லையாம், சந்தோஷத்தில். ரேஷன் கடை வரிசையில் நின்றால் பைத்தியத்தின் பெண்டாட்டி வருகிறாள் என்று காதுபடப் பேசுவார்களாம். கேட்டும் கேட்காத மாதிரி வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். இன்று அதே ஊர் அவன் பெயரில் ஒரு நுழைவு வளைவு வைக்கிறது. சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். எனக்கும் வந்த அலுப்பு பாதி போயிற்று.

அப்போதுதான் ஜேசிபி சத்தம் கேட்டது.

சாலையைத் தாண்டிப் போனோம். விழாவை முன்னின்று நடத்துகிற ஹார்டுவேர் கடை முருகவேல் வெள்ளைச் சட்டையில் ஓடி வந்து கும்பிட்டார். ஜெயராமனைப் பைத்தியம் என்று ஒரு நாளும் சொல்லாத மனிதர். சொந்தக் காசில் ஒரு லாரி புங்கன் கன்றும் பாதாம் கன்றும் கொண்டுவந்து இறக்கியிருந்தார். முள்ளையெல்லாம் வழித்துவிட்டுக் கன்று நட்டு, ஜெயராமன் நினைவுப் பூங்கா என்று பெயர் வைப்பது திட்டம். ஓரமாக ஒரு கீற்று நிலத்தை அதற்குள் வழித்தாகிவிட்டது. காரை, சூரை, களா என்று முட்செடிகள் வேர் தெரியக் கிடந்தன. ஒரு கவுதாரி போக்கிடம் தெரியாமல் அங்கேயும் இங்கேயும் ஓடியது. அட கடவுளே என்று இருந்தது எனக்கு. காப்பாற்றியவனுக்கு மரியாதை செய்ய, அவன் காப்பாற்றியதையே வழிக்கிறார்கள்! ஆனால் நான் விருந்தாளி. நிறுத்து என்று சொன்னால் இழப்பு எனக்கில்லை, சகுந்தலாவுக்கு. அவரைப் பார்த்தேன்.

அவர் சாய்ந்து கிடந்த களாச் செடி அருகே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, "வண்டிய நிறுத்தச் சொல்லுப்பா" என்றார்.

போட்டோ எடுக்கத்தான் என்று நினைத்து முருகவேல் நிறுத்தச் சொன்னார்.

"இத்தத்தாம்பா அவரு காப்பாத்துனாரு. இந்த முள்ளத்தான்."

முருகவேல் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், நல்ல மனிதர். பூங்காவைத் திறக்கத்தான் பெரிய ஆட்கள் வருகிறார்கள், பூங்கா இல்லையென்றால் விழாவும் இல்லை, வளைவும் இல்லை என்று மெல்ல எடுத்துச் சொன்னார்.

"வேணாம்பா. வர வேணாம்னு சொல்லிடு."

பன்னிரண்டு மணிக்கெல்லாம் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கன்றுகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. ஃப்ளெக்ஸையும் கழற்றினார்கள். சமைத்த சாப்பாட்டை வீணாக்காமல் வந்தவர்களுக்குப் பந்தி போட்டார் சகுந்தலா. அங்கே நடந்ததைப் பற்றித்தான் இலைக்கு இலை பேச்சு. டிரைவரும் வடையைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகுதான் சகுந்தலா அழுதார். "ஒரு நாளாச்சும் அவரு பேர நாலு பேரு மரியாதையா சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சுண்ணா. அதுவும் போச்சு." போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நாலு மணி. ஆட்டோவில் சாய்ந்துகொண்டேன். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. எங்கள் பேட்டையில் ஒரு ஏரி இருந்தது; இப்போது அதன் பெயர் பஸ் நிறுத்தத்தில் மட்டும் இருக்கிறது. இங்கே காடு இருக்கிறது, பெயர்தான் போய்விட்டது. இதில் எது தேவலை என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

அரை கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், டிரைவருக்குப் போன் வந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள் போல.

"ஜெயராமன் சார் காட்டாண்ட இருக்கறேன். தோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

"இன்னா சார், எதனா மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்களா? பஸ்ஸு போயிடும்."

"போனா போகட்டும்ப்பா. அந்தம்மாவுக்கு ஒரு சேதி சொல்லணும். நீயும் கூட வா."