பொடிக்காயில் விழுந்த வரி

ஒழுங்காக அடுக்கி வைத்த எதைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. முக்கியமாக, என் போனில் இருக்கும் அந்த டிஜிட்டல் நோட்டு.

அப்பாவுக்குச் சர்க்கரை. குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத் தோட்டத்துக்குப் போய் வந்தபோது வலது கால் சுண்டுவிரலில் அட்டை கடித்திருந்தது. மலைக்குப் போகிறவர்களுக்கு அது புதிதில்லை. உப்பைத் தேய்த்துவிட்டு அடுத்த சோலியைப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு மட்டும் ஆறவில்லை.

அவரைக் கவனிப்பதற்கென்று அண்ணன் சென்னையில் இருந்தபடியே அந்த நோட்டைத் தொடங்கியிருந்தான். மருந்து, சாப்பாடு, சர்க்கரை அளவு, அவன் தேடித் தேடிப் படித்த ஆராய்ச்சி எல்லாம் அதில்தான். போடியில் அப்பாவோடு இருக்கும் நான் அன்றாடம் எழுத வேண்டும், அவன் தரம் பிரிப்பான். எங்கள் ஏலக்காய்க் கடையில் வளர்ந்த புத்தி எங்கே போகும்? காயைச் சல்லடையில் போட்டுப் பருமன் பார்ப்பதுபோல் குறிப்புகளையும் பருமன் பார்த்தான். பெரிய காய்க்குக் கடையில் சொல்லும் 'எட்டு மில்லி' என்ற பெயரையே முதல் தலைப்புக்கு வைத்தான். நீளமான கட்டுரைகளும் அட்டவணைகளும் அதில் ஏறின. நான் எழுதும் ஒற்றை வரிகள், அவன் வைத்த ஏற்பாட்டின்படி, அவன் படிக்கும் முன்பே 'பொடிக்காய்' என்ற தலைப்பில் அடியில் போய் விழுந்தன. முதலில் எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

"விரல் கறுக்குது. டாக்டர் வெரசா மதுரைக்குக் கொண்டு போகச் சொல்றாரு" என்று எழுதினேன். அதுவும் பொடிக்காய்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நோட்டுல போட்டியா?" என்றான்.

"போட்டேண்ணே. நீ அப்பாட்ட ஒரு வார்த்த சொல்லு. நாஞ் சொன்னா கெளம்ப மாட்டேங்கிறாரு."

"மீட்டிங்ல இருக்கேம்மா. ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் மொத்தமாப் பாத்துர்றேன்."

அப்பா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "பெரியவன் சொல்லட்டும் ஆத்தா, போவோம்" என்றார். எங்கள் வீட்டில் ஆம்பளைப் பிள்ளை வாயைத் திறந்தால்தான் கார் கிளம்பும். கருமம். அறை முழுக்கப் புண்ணின் வாடை. போனில், சர்க்கரைப் புண் பராமரிப்பு பற்றி அவன் புதிதாக ஏற்றிய கட்டுரை, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசி. வாடையைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்த மஞ்சளைத் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பார்த்தான், பதறினான், அப்பாவிடம் சொன்னான். மதுரைக்குப் போனோம். விரலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அண்ணன் வந்து சேர்ந்தான். அப்பாவின் கையைத் தொடுவதற்கு முன்னால் கட்டுப் போட்ட காலைப் படம் எடுத்தான். "இதுக்குத் தனியா ஒரு தலைப்புப் போட்டுரலாம்" என்றான். அவன் கண் கலங்கித்தான் இருந்தது. அதைப் பார்க்கவும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

பாதத்திலும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும், யாரிடம் பேசுவது என்று டாக்டர் கேட்டார். அண்ணன் எழுந்து முன்னால் போனான். அப்பா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என்னைக் காட்டினார்.

"எம் மககிட்டப் பேசுங்க."

அந்த வார்த்தைக்காக எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறேன். அவர் விரல் போன பிறகு அது கிடைத்தபோது வாயெல்லாம் கசந்தது. டாக்டரிடம் போய், "இன்னைக்கே பண்ணிருங்க" என்றேன்.