கடற்பக்கத்துக் காணி

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் அப்படித்தான் சம்மாந்துறையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தேன். சுவருக்கு என்ன நிறம் பூசுவது, கிணற்றடியில் எந்த மரத்தை வெட்டுவது என்பதையெல்லாம் மாமியும் மனைவியும் பேசி முடித்த பிறகு எனக்குச் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. எந்த ஊரில், எந்தத் தெரு ஒழுங்கையில் குடியிருப்பது என்று யோசிக்கிற வேலை என் வாழ்க்கையில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மனைவியின் தங்கைக்குச் சம்பந்தம் பேசி வந்தபோது அந்த வேலை வந்தது. மாமா மௌத்தாகி அடக்கமாகிப் பல வருடமாகிவிட்டது. மாமியிடம் இருந்தது ஒரே வீடு. அதையும் மூத்தவளான என் மனைவிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். கேட்க வேண்டியதை மெதுவாகத்தான் கேட்டார்கள், பிள்ளைக்கு வீடு எங்கே என்று. மாமி தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அன்று பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு நான் வந்து உட்கார்ந்ததும் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்த ஊட்டத் தங்கச்சிக்கு எழுதிக் குடுப்பம். நம்மட கையில கொஞ்சம் இரிக்கி. நமக்கு ஒரு காணி பாப்பம். நீங்க என்ன செல்றீங்க?"

வீடு அவளுடையது, தங்கையும் அவளுடையவள். நான் ஓம் என்றேன். ஆனால் அந்த ஓம் வாயிலிருந்து வருவதற்கு முன்பே என் மனது காரைதீவுச் சந்தியில் திரும்பி, வயல்களுக்கு நடுவே போகும் வீதியால் சம்மாந்துறைக்குப் போய்விட்டது. அங்கே காணி மலிவு. எனக்கு வேலை அம்பாறையில், நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். சம்மாந்துறையில் குடியிருந்தால் வழியில் நல்ல பங்கு குறைந்துவிடும். இப்படிக் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எவ்வளவு சுலபமாக வந்தன என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மகள் அப்போதுதான் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தாள். புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துக் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இடம் கிடைத்திருந்தது. மனைவி ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று கேட்டு வரும் தாய்மாரிடம், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேருங்கள், அங்கேயும் நன்றாகத்தான் படிப்பிக்கிறார்கள் என்று சொல்லி அனுப்புவாள். சொந்த மகள் விஷயத்தில் அதைத் தலைகீழாக்கினாள். முதலில் பள்ளிக்கூடம், பிறகு அதற்குப் பக்கத்தில் வீடு.

கல்முனையிலிருந்து தெற்கே, எங்கள் சாய்ந்தமருது உட்பட, ஊரும் ஊரும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் பிரதான வீதி. வீதியோரம் ஒரு பேர்ச் நிலம் வாங்கும் காசுக்கு உள்ளே தள்ளி ஒரு வளவே வாங்கலாம். வயலை நோக்கிப் போகப் போக விலை இறங்கும். கடலை நோக்கிப் போனாலும் இறங்கும், அது வேறு காரணத்துக்காக. அந்தக் காரணத்தை விலை பேசும்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தரகர் எங்களை முதலில் வயல் பக்கம் கூட்டிப் போனார். வயலுக்குக் கிறவல் மண் போட்டு நிரப்பிய காணி. பார்க்க நல்ல மேடாக இருந்தது. ஆனால் நான் பார்த்தது காணியை அல்ல, அதன் இரண்டு பக்கத்தையும். வடக்கே ஒரு பழைய வடிச்சல் வாய்க்கால் வந்து காணியின் எல்லையில் நின்றுவிட்டது. தெற்கே அதே வாய்க்கால் மறுபடி தொடங்கிப் போனது. நடுவில் இருந்த துண்டு எங்கள் காலுக்குக் கீழே கிடந்தது. மாரி வந்தால் தண்ணீர் தன் வழியைத் தேடி வரும் என்றேன். எல்லோரும் இப்போது இப்படித்தான் கட்டுகிறார்கள் என்றார் தரகர். எல்லோர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும், அந்த முறைப்பாடுகள் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வரும்.

அடுத்தது பாடசாலைக்குப் பின்னால், கடைகளுக்கு இடையில் ஒரு துண்டு. அதன் விலையைக் கேட்டதும் மனைவி தன் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது கல்முனைக்குடியில், கடற்பக்கம். மணல் ஒழுங்கை, இரண்டு பக்கமும் புதிதாகக் கட்டிய வீடுகள், நல்ல காற்று. எங்கள் கைக்கு எட்டுகிற விலை. மகள் சைக்கிளிலேயே பாடசாலைக்குப் போய்வரலாம். நான் இறங்கிப் பார்த்தேன். மனைவி மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. கடல் ஊருக்குள் வந்தபோது அவளுக்கு மகளின் வயதுதான். வகுப்பில் ஒரே வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை அதில் மௌத்தாகிவிட்டாள் என்பதை மாமி சொல்லித்தான் நான் அறிந்தேன். அவள் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.  நான் வந்து ஏறியதும் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். தரகரிடம் பிறகு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் சம்மாந்துறைப் பேச்சை எடுத்தேன். விலையைச் சொன்னேன், வழியைச் சொன்னேன், மகளுக்கு வேன் பிடிக்கலாம் என்றும் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"வேலைக்குக் கிட்ட எண்டு செல்றீங்க. பிறந்த ஊருக்குக் கிட்ட எண்டு செல்லுங்களன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது பிழை என்றால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவள் சண்டை பிடிக்கவில்லை. ஒரு கிழமை சம்மாந்துறையில் என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டில் போய் இருந்து பார்ப்போம், மகள் அங்கிருந்து பாடசாலைக்குப் போய் வரட்டும், அதற்குப் பிறகு கதைப்போம் என்றாள். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். பகலில் மகள் மாமி வீட்டுக்குப் போகக் கூடாது. அந்த வீடு இனித் தங்கச்சியுடையது, நாளைக்கு இல்லாத வசதியை வைத்து இன்றைக்குக் கணக்குப் பார்க்க முடியாது என்றாள்.

சம்மாந்துறையில் அது அறுவடைக் காலம். ராத்தா இருப்பது நான் பிறந்து வளர்ந்த வீடு. அவரது கல்யாணத்தோடு அவருக்கு எழுதியது. மச்சான், ராத்தாவின் கணவர், நெல் வியாபாரம் செய்கிறவர். முற்றத்தில் நெல் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. ராத்தா எங்களுக்கு முன்னறையை ஒழுங்குபடுத்தித் தந்தார்.

காலையில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. நான் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருக்கவில்லை. அவ்வளவு நேரத்தோடு ஒருநாளும் போனதில்லை. மகளின் வேனும் நேரத்துக்குப் போனது. சிக்கல் பின்னேரத்தில் இருந்தது. கல்முனைப் பிள்ளைகள் பாடசாலை விட்டதும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, சற்றுப் படுத்து எழும்பி, டியூஷன் வகுப்புக்குச் சைக்கிளில் வருகிறார்கள். எங்கள் மகள் சாப்பாட்டுப் பெட்டியோடு வகுப்பறையிலேயே இருந்தாள். வகுப்பு முடிந்து வேன் புறப்பட்டால், வீதி முழுக்க நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள். ஒன்றை முந்தினால் முன்னால் இன்னொன்று. மஃரிபு பாங்கு சொல்லி முடிந்த பிறகுதான் வந்து இறங்கினாள். மனைவி தன் பாடசாலை முடிந்து பஸ்ஸில் வந்து, அசர் தொழுகைக்குப் பிறகு வாசலுக்கும் வீதிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கிழமை நடுவில் ஒருநாள் மகள் சோற்றைப் பிசைந்தபடியே உறங்கிப் போனாள். அவள் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. ராத்தாவின் பிள்ளைகளோடு சிரித்து விளையாடக்கூடச் செய்தாள். அவள் எதையாவது சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எனக்கோ பின்னேரங்களில் நேரம் தாராளமாக இருந்தது. சீக்கிரம் வந்துவிடுவேன். வந்து எங்கே உட்காருவது என்றுதான் தெரியவில்லை. நான் உள்ளே நுழையும் போதெல்லாம் மச்சான் எழுந்து தன் கதிரையைக் காட்டுவார். ராத்தா விருந்தாளிகளுக்கு எடுக்கும் பீங்கானில்தான் எனக்குச் சோறு போட்டார். வெளியே நடந்து போனால் கடைத்தெருவில் என்னைத் தெரிந்தவர்கள் குறைவு. ஒருநாள் மச்சானிடம் இங்கேயே ஒரு காணி வாங்கும் யோசனை இருக்கிறது என்றேன். அவர் மெய்யாகவே சந்தோஷப்பட்டார். 

"வாங்க மச்சான், வந்தா எங்களுக்கும் ஒரு தைரியம்தான். ஆனா ஒங்கட கூட்டாளிமார் ஆரு இப்ப இஞ்ச இரிக்கிறாங்க? ஆளுக்கொரு ஊர்ல பொண்டாட்டிமார்ர ஊட்டுல இரிக்கிறாங்க. நானே வெளியூரான்தானே."

அவர் நிந்தவூர்க்காரர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். இருபது வருடமாக அந்த முற்றத்தில் நெல் அளக்கிறவர். ஊர் அவரை எடுத்துக்கொண்டது, என்னை விட்டுவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அன்று படுக்கும்போது, நான் எதைத் தேடி இங்கே வர நினைத்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். 

சனிக்கிழமை திரும்பி வந்தோம். நான் பேச்சை எடுக்கவில்லை. மனைவிதான் எடுத்தாள், கடற்பக்கத்துக் காணியை இன்னொரு முறை பார்ப்போம் என்று. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மகளின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

தரகர் இல்லாமல், மகளையும் கூட்டிக்கொண்டு, அசருக்குப் பிறகு போனோம். இந்த முறை அவள் இறங்கினாள். பக்கத்து வீட்டில் ஒரு பெண் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மனைவி சலாம் சொல்லி, எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வீடுகளைத் திருப்பிக் கட்டிய நாளிலிருந்து என்றார் அவர். காணியைப் பற்றி, கிணற்றுத் தண்ணீரைப் பற்றி, விலையைப் பற்றி மனைவி எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு எந்தப் பக்கம் போவீர்கள் என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒழுங்கையின் மேற்குப் பக்கத்தைக் காட்டினார். நேரே போனால் பிரதான வீதி, அதற்கு முன்பே வலது பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று, மேலே ஏறுகிற படி எப்போதும் திறந்துதான் இருக்கும் என்றார்.

மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒழுங்கையில் நடந்து போனாள். நான் மோட்டார் சைக்கிளோடு நின்றேன். வீதி வரை போய், நின்று, திரும்பி வந்தார்கள். மகளுக்கு ஏன் நடந்தோம் என்று விளங்கியதோ தெரியாது.

"வாங்குவம்" என்றாள் மனைவி.

"இஞ்ச ஒனக்கு நித்திர வருமா?" என்று கேட்டேன்.

"வராட்டி எழும்பி இரிப்பன். சம்மாந்துறையில ரோட்டப் பாத்துக்கொண்டு நிண்டதும் இப்பிடித்தான் இரிந்திச்சி. அது ஒவ்வொரு நாளும். இது எப்பயோ ஒருக்கா."

காணி எழுதப் போனபோது யாருடைய பெயரில் எழுதுவது என்று சட்டத்தரணி கேட்டார். எங்கள் பக்கம் அதற்கு அதிகம் யோசிக்க மாட்டார்கள். மனைவி பெயரில், அல்லது பிறகு வீண் வேலை இல்லாமல் நேரடியாக மகள் பெயரில். நான் வாயைத் திறக்கும் முன்பே மனைவி, எங்கள் இரண்டு பேரின் பெயரிலும் எழுதுங்கள் என்றாள். சட்டத்தரணி பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நானும் அவளைப் பார்த்தேன்.

வெளியே வந்து மரநிழலில் நின்றபோது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். இப்போதே மகளுக்கு என்று எழுதினால், அவள் இங்கேதான் இருக்க வேண்டும் என்று நாமே முடிவெடுத்தது மாதிரி ஆகிவிடும் என்றாள். அவள் படிக்கட்டும், எங்கே இருப்பது என்று பிறகு அவளே பார்த்துக்கொள்ளட்டும். என் பெயர் எதற்கு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவளே சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும் அவ்வளவு தூரம் ஓடப் போறது நீங்கதானே."

மாமிக்கு இது பிடிக்கவில்லை. பெண் பிள்ளைக்கு எழுதாத வீடும் ஒரு வீடா என்று தங்கையின் கல்யாணம் முடியும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் சிலர், மூத்த மாப்பிள்ளை மனைவியை ஏதோ சொல்லி மடக்கிவிட்டார் என்று பேசினார்கள். அதை நான் மறுக்கப் போகவில்லை. எங்கள் வாப்பாவின் பெயரோ அவருடைய வாப்பாவின் பெயரோ ஒரு வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருந்ததாக எனக்குத் தெரியாது. என் பெயர் தட்டச்சில் இருந்த அந்தப் பக்கத்தை வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். பெருமை என்று சொல்ல முடியாது. யாரோ என்னைக் கூப்பிட்டு, நீயும் வா என்று சொன்னது போல இருந்தது.

இப்போது இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டிக் குடிவந்துவிட்டோம். பின்சுவர் இன்னும் பூசவில்லை. உப்புக் காற்றில் யன்னல் கம்பிகள் துருப்பிடிக்கின்றன, என் மோட்டார் சைக்கிளும்தான். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுச் சற்று நேரத்தில் நான் புறப்பட்டுவிடுவேன். சம்மாந்துறையைத் தாண்டும்போது சில நாள் ராத்தா வீட்டில் நிற்பேன், பல நாள் நிற்பதில்லை. மகள் பகலில் வந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள். அவள் சிநேகிதிகள் வந்து வாசலில் மணி அடிக்கிறார்கள். மாரியில் அலைச் சத்தம் கூடும்போது மனைவி படலைப் பூட்டின் திறப்பை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள். 

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மகளும் நானும் கரைக்குப் போய் வருவோம். மனைவி வருவதில்லை, நாங்களும் கூப்பிடுவதில்லை. போன கிழமை நாங்கள் புறப்பட்டபோது அவளும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள். ஒழுங்கை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நின்றாள். அங்கிருந்து கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, மஃரிபுக்கு முன்னால் வந்துவிடுங்கள், இடியப்பம் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.