பாட்டுக்குச் சொந்தக்காரி எங்கள் அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்களை அழவைக்க இதை எழுதவில்லை. பெருமையடித்துக்கொள்ளவே எழுதுகிறேன்.

கோவில்பட்டி அருகே பிறந்த அம்மா, சுரங்கத்தில் அப்பாவுக்கு வேலை பெர்மனன்ட் ஆனதும் எழுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிக்கு வந்தார்கள். கைக்குழந்தைகள், ஓயாத ஆஸ்துமா. இதற்கு நடுவே, ரசம் கொதிக்கும்போதே கீர்த்தனை இயற்றினார்கள். மதியம் குவார்ட்டர்ஸ் கூடத்தில் பாட்டு வகுப்பு. பக்கத்து ஊரான முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அஞ்சலை அக்காவும் வந்து கற்றார். எந்தச் சபாவும் அம்மாவைக் கூப்பிட்டதில்லை.

ஒருமுறை டவுன்ஷிப்பில் சென்னை வித்வான் ஒருவரின் கச்சேரி. திடீரென்று அம்மாவின் கல்யாணி ராகக் கீர்த்தனையைத் தொடங்கினார்! கல்யாணமாகி வெளியூர் போன மாணவி ஒருத்தி பாட, அது வாய்வழியே அவரிடம் போயிருக்கிறது. "இயற்றியவர் தெரியாத பழைய பாட்டு" என்று மைக்கில் சொல்லிவிட்டார்.

அஞ்சலை அக்கா அம்மாவின் கையை உலுக்கினார். "என்னா டீச்சரு, உங்க பாட்ட யாருதோன்னு சொல்லிக்கினு இருக்காரு, நீங்க கம்முனு குந்திக்கினு இருக்கீங்க!"

"விடு, பாட்டு நல்லா இருந்தாப் போதாதா?" என்றார் அப்பா.

"நான் பெத்த பிள்ளைக்குத் தாய் யாருன்னு தெரியாதுங்காரு. சும்மா இருக்கச் சொல்லுதீகளா?"

அனுபல்லவியின் நடுவில் வித்வான் தாளத்தையே நிறுத்திக் கண்ணை மூடினார். மிருதங்கக்காரர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். பாட்டு முடிந்ததும் அம்மா எழுந்தார்கள்.

"ஐயா, நடுவுல ஏன் நிறுத்துனீங்க?"

"அது பழைய பாடாந்தரம்மா. பரம்பரையா அப்படித்தான் பாடறது."

"பரம்பரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் பாடம் சொல்லும்போது ரெண்டு மணி ஷிப்ட் சைரன் ஊதும். அடங்குற வரைக்கும் நிறுத்துவேன். பிள்ளைக அதையும் சேர்த்துப் படிச்சிட்டாளுக!"

அரங்கமே சிரித்தது. வித்வானும் சிரித்துவிட்டார், கைகூப்பி அம்மாவை மேடைக்கு அழைத்தார். அவர் அறியாத சரணத்தையும் சேர்த்து அம்மா பாடினார்கள். அடேயப்பா, என்ன கைதட்டல்! மைக்கில் அம்மாவின் பெயரை அவர் சொன்னபோது அப்பாதான் முதலில் எழுந்து நின்றார்.

கடைசி நாட்களில் அம்மாவால் பாட முடியவில்லை. ஒரு காலை ரேடியோவில் அதே கீர்த்தனை. இயற்றியவர் என்று அம்மாவின் பெயரைச் சொன்னார்கள்.

"சத்தமா வைடி."

"பக்கத்து வீட்டுல நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குறாங்கம்மா."

"எந்திரிச்சுக் கேக்கட்டும்."

அம்மாவைத் தாயாகவே பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதிக் காரியங்களுக்குத் தோள்கொடுத்த பிளாக் மக்களுக்கும், அஞ்சலை அக்காவுக்கும், அன்று தூக்கம் கெட்டு, சட்டை போடவும் மறந்து ஓடிவந்து, கட்டிலருகே நின்று முழுப்பாட்டையும் கேட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் எங்கள் நன்றி.