நனையாமல் மிதந்தவர்

கர்த்தர் என் வீட்டில் செய்ததைச் சொல்ல எழுந்து நிற்கிறேன், சகோதர சகோதரிகளே. என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சாட்சி சொல்கிறேன் என்பதற்காக அதைத் தேன் தடவி வைத்துக்கொள்ளப் போவதில்லை.

இந்த எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. டெல்லி கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரி நர்ஸ். என் வீட்டுக்காரர் செல்வராஜ் மத்திய சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். அவருக்கு நடுக்குவாதம் வந்தது. பார்க்கின்சன் என்று டாக்டர் எழுதினார். கை ஆடும். உடம்பு கட்டையாக விறைத்துக்கொள்ளும். மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, பிறகு அதுவும் போதவில்லை.

ஒரு திருவிருந்து ஆராதனை. பாத்திரத்தைக் கையில் வாங்கினார். திராட்சரசம் அத்தனையும் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. பின்வரிசையில் இரண்டு பேர், குடித்துவிட்டு வந்திருப்பாரோ என்று குசுகுசுத்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றோடு அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

"இனி அந்தப் பாத்திரத்தை என்னால பிடிக்க முடியாது. என்னை விட்டுரு" என்றார். சுவரைப் பார்த்து அழுதார்.

பார்க்க வந்தவர்கள் லட்சணத்தைச் சொல்ல வேண்டுமே. என் வீட்டு பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, ஏதோ மறைவான பாவம் இருக்கும், அறிக்கை செய்யுங்கள் என்றார்கள். டிப்போவில் பால் வாங்கும்போதுகூட வரிசையில் முந்தாத மனுஷன், எதை அறிக்கை செய்வார்? அவருக்கு ஒரு நாள் சட்டைப் பொத்தான் போட்டுவிட ஒருத்தரும் வரவில்லை.

எல்லாரையும்விட எனக்கு ஆகாதவர் கீழ்வீட்டுக் கிருபை அக்கா. ஆளைத் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கிற சபைக்காரர். நம் சபையில் குழந்தையின் நெற்றியில் தெளிப்பதெல்லாம் ஞானஸ்நானமே இல்லை என்று படிக்கட்டில் மறித்துச் சொல்வார். அவர்கள் ஆலயத்தில் அதற்கென்றே ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. எருமை குளிக்கிற தொட்டி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்.

தினமும் முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, ஒரே ஒரு ஞாயிறு அவர் தன் கையால் பாத்திரத்தைப் பிடித்துக் குடிக்கட்டும், அது போதும் என்று கேட்டேன்.

மே மாதம் எங்கள் டாக்டர் ஒரு சங்கதி சொன்னார். விண்வெளிக்குப் போகிறவர்களைப் பழக்க ரஷ்யாவில் ஆளை மிதக்க வைக்கிறார்களாம். வெதுவெதுப்பான தண்ணீர்மேல் பெரிய பிளாஸ்டிக் ஷீட்டைத் தளர்வாக விரித்து, அதில் படுக்க வைப்பார்களாம். ஷீட்டோடு சேர்ந்து கழுத்துவரை அமிழ்வார், ஆனால் நனைய மாட்டார். எடையே இல்லாதது போலாகி, தசை தளருமாம். இவருடைய விறைப்புக்கும் உதவலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். நல்ல வேடிக்கை என்று நினைத்தேன். செங்கடலைப் பிளந்தவரிடம் கேட்டால் பிளாஸ்டிக் ஷீட்டா கொடுப்பார்?

ஆனால் வேறு வழி இல்லை. அவ்வளவு பெரிய தொட்டிக்கு எங்கே போவது? தெரிந்த தொட்டி ஒன்றுதான்.

மானத்தை விட்டுக் கிருபை அக்கா கதவைத் தட்டினேன். கேட்கப் போன இடத்திலும் என் திமிர் போகவில்லை.

"அவர் மேல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. இதைச் சாக்கா வச்சு முழுக்கு கொடுத்தோம்னு கணக்குக் காட்டிறாதீங்க" என்றேன்.

"தொட்டி சும்மாதானே கிடக்கு, தங்கச்சி. சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். டெல்லி வெயிலில் மாடி டாங்க் தண்ணீரே வெதுவெதுவென்று இறங்கியது, காய்ச்ச வேண்டிய வேலையில்லை. டாக்டரும் வந்திருந்தார். அவர்கள் சபை ஆண்கள் நான்கு பேர் மார்பளவு தண்ணீரில் நின்று அவரை ஷீட்டில் இறக்கினார்கள். சொட்டு பட்டுவிடுமோ என்று ஓரத்தில் காவல் நின்ற நான், தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். படி வழுக்கியது. சேலையோடு, கொண்டையோடு, தலை முழுக உள்ளே போனேன்.

எழுந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அல்லேலூயாவும் சொல்லவில்லை. கிருபை அக்கா துண்டை நீட்டினார். நான் சிரித்த சிரிப்பெல்லாம் அப்போது என் நினைவுக்கு வந்தது. என்னைப் போல ஒரு அற்பப் பிறவி அங்கே வேறு யாரும் இல்லை.

முக்கால் மணி நேரம் அவர் கண்ணை மூடி மிதந்தார். மாதக்கணக்கில் இறுகியிருந்த முகம் தளர்ந்தது. வெளியே வந்ததும் டீ கிளாஸைத் தானே எடுத்தார். குடிக்காமல் என்னிடம் நீட்டினார். வாங்கும்போது நடுங்கியது என் கைதான்.

மறுநாள் திருவிருந்து. அவர் தன் இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக் குடித்தார். சட்டையில் ஒரு துளி இல்லை.

நோய் போய்விட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். சில நாளில் விறைப்பு திரும்பிவிடும், மாத்திரையும் உண்டு. திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை தொட்டிக்குப் போகிறோம். நான் ஒரு ஞாயிறு கேட்டேன், ஆண்டவர் எத்தனையோ கொடுத்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்ட நாளில் இவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடக் கிருபை அக்கா வருகிறார்.

நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், நிச்சயம் கொடுப்பார். யார் கையில் கொடுத்து அனுப்புவார் என்று தெரியாது. அதனால் எதிர்வீட்டுக்காரரைப் பற்றி இன்று பேசுவதைக் கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள். பின்வரிசையில் இருக்கிற உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.